எச்4 வந்து நின்றால் என்ன ஆடுவது? தடுப்பு, காத்திருப்பு, நடுவில் அடி: ஓர் ஒப்பீடு

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ டோர்னமெண்ட் ஆடப் போய்விட்டு மலையேறி வந்ததும் இப்போதெல்லாம் கேட்கிற கேள்வி இதுதான்: "அண்ணா, மூணாவது மூவ்லயே எச்4 தள்ளிட்டான், என்ன ஆடணும்?" எச்4 என்றால் வெள்ளையின் வலது ஓரச் சிப்பாய் எச் வரிசையில் நான்காம் கட்டத்துக்குப் போவது; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் மூவ். நியாயமான கேள்வி. எச்5 ஆடி முட்டுக்கட்டை போடலாம், எச்6 ஆடி ஓர் அடி மட்டும் வைத்துக் காத்திருக்கலாம், ஓரத்தைக் கண்டுகொள்ளாமல் நடுவில் அடிக்கலாம், வந்த சிப்பாயைக் குதிரையால் வெட்டலாம், கேஸ்லிங்கை (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவதை) தள்ளிப்போடலாம். ஐந்தையுமே நல்ல ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். ஆனால் எந்த நிலையில் எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போனால் முதல் ரவுண்டிலேயே மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கறுப்பு ஆடுகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறேன், பெரும்பாலும் அடி வாங்குவது கறுப்புதான்.

முன்பெல்லாம் ஓரச் சிப்பாயைச் சீக்கிரம் தள்ளினால் கோச் திட்டுவார். காயை வெளியே எடு, ராஜாவைப் பத்திரப்படுத்து, அப்புறம் தாக்கு என்பார். அந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும். ஆனால் 2017 டிசம்பரில் ஆல்பாஸீரோ என்ற செஸ் கம்ப்யூட்டர் நிரல், ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு நிரலை எதிர்த்து ஆடிய ஆட்டங்கள் வெளியானபோது, அது எச் சிப்பாயை எச்6 வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, எதிர் ராஜாவுக்கு அசைய இடமில்லாமல் செய்துவிட்டு, நிதானமாக மற்ற வேலையைப் பார்த்ததைச் செஸ் உலகமே பார்த்தது. அதற்குப் பிறகு 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.எச்4 என்பதெல்லாம் பெரிய போட்டிகளிலேயே வர ஆரம்பித்தது, அங்கிருந்து யூடியூப், யூடியூபிலிருந்து நம் பிள்ளைகளின் எதிராளிகள். எனவே இதை ஒரு கிறுக்கு ஆட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பதில் தேடுவதற்கு முன்னால் பலகையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, உங்கள் ஜி சிப்பாய் ஜி6-க்கு வந்துவிட்டதா? வந்திருந்தால் எச்5 தள்ளும்போது அவர் சிப்பாய் உங்கள் சிப்பாயோடு மோதும், வெட்டிக்கொண்டால் எச் வரிசை திறக்கும், அந்த வரிசையின் அடியில் அவருடைய யானை ஏற்கெனவே நிற்கிறது. ஜி7-இலேயே இருந்தால் எச்5-க்கு மோத ஆளில்லை. 1.இ4 இ5 மாதிரியான ஆட்டத்தில் ஒருவர் சும்மா எச்4 தள்ளினால் பதறவே வேண்டாம், காய்களை வெளியே எடுத்துக்கொண்டே போங்கள், அவர் ஒரு மூவை உங்களுக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது, நடு திறக்கக்கூடியதா, பூட்டிக்கிடக்கிறதா? அவருடைய ராஜா இன்னும் இ1-இல் நிற்கும்போது டி வரிசையையோ இ வரிசையையோ உங்களால் திறக்க முடியுமானால் ஓரத் தாக்குதல் பாதியிலேயே நின்றுவிடும். சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நடு பூட்டியிருந்தால் அவருக்கு அவசரமே இல்லை, ஓரத்தில் எத்தனை மூவ் வேண்டுமானாலும் செலவழிப்பார்.

சரி, முதலில் எச்5. ஜி6 ஆடிவிட்ட நிலைகளில் எனக்கு மிகவும் பிடித்த பதில் இது, காரணம் எளிமையானது: அவர் சிப்பாய் எச்4-இலேயே நின்றுவிடும், வரிசை திறக்காது. வரிசை திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1958-இல் போர்ட்டோரோஷில் ஃபிஷர், லார்சனை வென்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கச் சொல்வேன். சிசிலியன் டிராகன், அதாவது கறுப்பு 1.இ4-க்கு சி5 ஆடி, பிற்பாடு ஜி6-உம் சேர்க்கிற முறை. எச்4, எச்5, ஜி6-இல் வெட்டு, அப்புறம் ஜி4, ஜி5. கறுப்புக் குதிரை எச்5-க்கு வந்து வரிசையை அடைத்ததும் யானையையே கொடுத்து அந்தக் குதிரையை எடுத்தார், ராஜாவின் முன்னால் இருந்த வேலி போய்விட்டது. கறுப்பு பெரிதாக எதையும் கோட்டை விட்டது போலவே தெரியாது, ஆனாலும் தோற்றுக்கொண்டே போகும். அதே டிராகனில் பிற்பாடு வந்த ஸோல்டிஸ் முறையில் கறுப்பு 12.எச்4-க்கு நேராக 12...எச்5 என்று நிறுத்திவிடுகிறது, ஆட்டத்தின் நிறமே மாறுகிறது. வெள்ளை இனி ஜி4 என்று ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும், அல்லது 13.பிஷப் ஜி5 என்று சுற்றி வர வேண்டும், அதற்குக் கறுப்பின் யானை சி5-க்கு ஏறி ஐந்தாவது வரிசையில் காவலுக்கு நிற்கிறது.

ஆனால் எச்5-க்கு ஒரு விலை இருக்கிறது. இங்கே எங்களோடு ஆடுகிற ஒரு பெண், எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள், கேட்டாள்: "அண்ணா, எச்5 ஆடினா ஜி5 ஓட்டையாயிடுமே, அங்க பிஷப் வந்து உக்காந்தா எப்படித் துரத்துறது?" சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள். எச் சிப்பாய் எச்5-க்குப் போன பிறகு எச்6 ஆட வழியில்லை, ஜி5-இல் வந்து உட்கார்ந்த பிஷப்பையோ குதிரையையோ துரத்த எஃப்6 ஒன்றுதான் மிச்சம், அதை ஆடினால் ஜி6 பலவீனமாகும். அவளிடம் நான் சொன்னது, எதிர்ப்பக்கத்தையும் பார் என்பதுதான். அவரும் எச்4 ஆடிவிட்டதால் எச்3 ஆட முடியாது, எனவே ஜி4 உனக்குத் திறந்த வீடு. உன் குதிரை அங்கே போய் உட்கார்ந்தால் துரத்த அவருக்கு எஃப்3 வேண்டும். ஆக எச்5 ஆடலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஜி4-க்கும் ஜி5-க்கும் நடுவே நடக்கிற பந்தயம்: அவர் எஃப்3 ஏற்கெனவே ஆடிவிட்டாரா, அவருடைய கறுப்புக் கட்ட பிஷப் எங்கே இருக்கிறது, என் குதிரை எஃப்6-இல் தயாராக இருக்கிறதா? லண்டன் முறையில் பிஷப் முன்னமே எஃப்4-க்குப் போயிருக்கும். அது ஜி5-க்கு வர இன்னொரு மூவ் செலவழிக்க வேண்டும் என்பதால் அங்கே எச்5 எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கிறது. கிங்ஸ் இந்தியன் (ஜி6, பிஷப் ஜி7, டி6 என்று கறுப்பு ஆடுவது) மாதிரி நிலைகளில் பிஷப் இன்னும் சி1-இலேயே இருந்தால் ஒரே தாவலில் ஜி5 வந்துவிடும், அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, எச்5 ஆடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கக் கூடாது. நம் மலையில் வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டுகிற மேஸ்திரி யாரைக் கேட்டாலும் சொல்வார், சுவரில் தண்ணீர் வெளியேறக் குழாய் விடாவிட்டால் ஐப்பசி மழையில் மண் ஊறிச் சுவரோடு சரிந்துவிடும் என்று. எச்5-க்கு அந்தக் குழாய் சி5 அல்லது இ5. ஓரத்தைப் பூட்டிய கையோடு நடுவில் உடைத்தால்தான் வெள்ளை தன் காய்களை மெதுவாக ஜி5-க்கும் எஃப்3-ஜி4 தள்ளலுக்கும் திரட்ட நேரம் கிடைக்காது.

அடுத்து எச்6. புதிதாக ஆடுகிறவர்கள் கை தானாகப் போகிற இடம் இது, ஏனென்றால் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. ஜி6-உம் எச்6-உம் சேர்ந்து இருந்தால் கணக்கு இப்படி: அவர் எச்5 தள்ளினால் நான் ஜி5 என்று தாண்டிப் போய்விடுவேன், வரிசை திறக்காது. உண்மைதான், ஆனால் ஜி சிப்பாய் போன பிறகு எஃப்5 கட்டத்தைக் காக்க ஒரு சிப்பாய் குறைந்துவிட்டது, வெள்ளையின் குதிரை ஜி3 வழியாக எஃப்5-க்கு வந்து உட்காரும், டி3-இல் பிஷப் இருந்தால் வெள்ளைக் கட்டங்கள் எல்லாமே வலிக்கும். ராஜா பக்கம் கேஸ்லிங் செய்த பிறகு எச்6 ஆடுவதோ அதைவிட மோசம், அவர் ஜி4-ஜி5 தள்ளி மோதுவதற்கு நாமே ஒரு சிப்பாயை முன்னால் நீட்டிக் கொடுக்கிறோம். ஃபியான்செட்டோ (ஜி6 ஆடி பிஷப்பை ஜி7-இல் வைப்பது) ஆடுகிற பிள்ளைகளுக்கு நான் எச்6-ஐச் சிபாரிசு செய்வதே இல்லை.

கேரோ-கான் ஆடுகிறவர்களுக்குக் கதை வேறு. 1.இ4 சி6 2.டி4 டி5 3.குதிரை சி3, இ4-இல் வெட்டு, 4.குதிரை இ4-இல் வெட்டு, பிஷப் எஃப்5 5.குதிரை ஜி3 பிஷப் ஜி6 6.எச்4. இங்கே 6...எச்6 தான் காலங்காலமாக ஆடுகிற பதில், அதற்கு வேலையும் வேறு: ஜி6-இல் நிற்கிற பிஷப்புக்கு எச்7-இல் ஒரு வீடு தேவை, அதைக் கட்டிக் கொடுக்கிறது. 7.குதிரை எஃப்3 குதிரை டி7 8.எச்5 பிஷப் எச்7 9.பிஷப் டி3, பிஷப்புகள் வெட்டிக்கொண்டு ராணி டி3-க்கு வந்துவிடும். வெள்ளைக்கு இடம் அதிகம், எச்5 சிப்பாய் கறுப்பின் ராஜா பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதே சிப்பாய் கடைசிக் கட்டத்தில் தனியாக நின்று காவல் கேட்கும். இந்தப் பேரம் கறுப்புக்குச் சம்மதமாகவே இருக்கும், நிதானமாக ஆடுகிற பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கேரோ-கானிலேயே 3.இ5 பிஷப் எஃப்5 4.எச்4 வந்தால் மட்டும் முழித்துக்கொள்ள வேண்டும். 1961-இல் உலக சாம்பியன் மறுபோட்டியில் டால், பாட்வினிக்குக்கு எதிராக எடுத்துக்கொண்ட ஆயுதம் இது. இங்கே யோசிக்காமல் 4...இ6 ஆடினால் பிஷப் போயிற்று: 5.ஜி4 வரும், பிஷப் இ4-க்கு ஓடினால் 6.எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் 7.எச்5, எங்கேயும் போக வழியில்லை. எச்6 ஆடினால் 5.ஜி4-க்குப் பிஷப் டி7-க்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் எச்7-க்குப் போனால் 6.இ6! என்று ஒரு சிப்பாயைத் தூக்கி எறிந்துவிட்டு பிஷப் டி3 வழியாக வெள்ளைக் கட்டங்களில் ஏறுவார்கள். எச்5 ஆடினால் ஜி4-க்கே இடமில்லை, பிஷப் எஃப்5-இல் நிம்மதியாக நிற்கும், ஜி5 கட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறோம். இரண்டில் எச்5 தான் என் தேர்வு, அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இனி நடுவில் அடிப்பது. ஓரத்தில் தாக்கினால் நடுவில் பதிலடி கொடு என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் அது எப்போது நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்ல உதாரணம் சிசிலியனில் விங் கேம்பிட்: 1.இ4 சி5 2.பி4. இது மறுபக்க ஓரம்தான், ஆனால் பாடம் அதே. கறுப்பு பி4-இல் வெட்டி, 3.ஏ3 வந்ததும் பேராசைப்பட்டு ஏ3-இலும் வெட்டினால் வெள்ளைக்குக் குதிரை வெளியே வருகிறது, நடுவும் கிடைக்கிறது. அதற்குப் பதிலாக 3...டி5! என்று நடுவில் அடியுங்கள். 4.இ சிப்பாய் டி5-இல் வெட்டு, ராணி வெட்டு, இப்போது வெள்ளை அவசரப்பட்டு 5.ஏ சிப்பாயால் பி4-இல் வெட்டினால் 5...ராணி இ5 செக், ஏ1 யானை காலி. பிள்ளைகளுக்கு இந்த ஒரு நிலையைக் காட்டினாலே நடுவின் பலம் என்ன என்பது புரிந்துவிடுகிறது, பத்து நிமிட விளக்கம் தேவையில்லை.

எச்4-க்கும் அப்படியே. 1.இ4 ஜி6 2.எச்4 என்று ஒருவர் வந்தால் நான் 2...டி5 ஆடச் சொல்வேன். 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.எச்4-க்கு 3...சி5, 4.டி5 வந்தால் 4...பி5 என்று பென்கோ பாணியில், ஒரு சிப்பாயைக் கொடுத்து, ராணிப் பக்கம் போய்விடுவது எனக்கு மிகவும் பிடிக்கும், சண்டை மொத்தமும் ஏ, பி வரிசைகளுக்கு மாறிவிடுகிறது, எச்4 சிப்பாய்க்கு அங்கே பெரிய வேலை கிடையாது. க்ரூன்ஃபெல்ட் (வழக்கமாக 3.குதிரை சி3-க்கு 3...டி5) ஆடுகிறவர்கள் மட்டும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 3...டி5 ஆடினால் 4.சி சிப்பாய் டி5-இல் வெட்டு, குதிரை வெட்டு, 5.இ4, இப்போது வழக்கம்போல சி3-இல் குதிரையை வெட்டிக்கொள்ள அங்கே குதிரையே இல்லை, உங்கள் குதிரை பி6-க்கு ஒதுங்க வேண்டும், நடு முழுக்க வெள்ளைக்கு. 3.எச்4 க்ரூன்ஃபெல்ட் ஆட்டக்காரர்களை இப்படித் தொந்தரவு செய்வதற்காகவும்தான் ஆடப்படுகிறது.

நடு பூட்டியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். கிங்ஸ் இந்தியனில் ஸேமிஷ் முறை, வெள்ளை எஃப்3, பிஷப் இ3, ராணி டி2 வைத்து, டி5-இ5 என்று நடு பூட்டப்பட்ட பிறகு ஜி4, எச்4 என்று வந்தால் சி6-உம் எஃப்5-உம்தான் கறுப்பின் உடைப்புகள், இரண்டுக்குமே தயாரிப்பு வேண்டும். அங்கே எச்5-ஐ நேரத்தோடு போட்டு வைத்தால்தான் மூச்சு விட முடியும்.

குதிரையால் எச்5-இல் வெட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கேஸ்லிங் செய்துவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. 3.எச்4 பிஷப் ஜி7 4.எச்5 என்று கண்ணை மூடிக்கொண்டு வந்தால் வெட்டலாம், அவர் யானையைக் கொடுத்து ஜி, எச் சிப்பாய்களைக் கலைத்தாலும் உங்கள் ராஜா இன்னும் இ8-இல்தான் இருக்கிறார், அவரிடமும் வேறு காய் எதுவும் வெளியே வரவில்லை. லண்டனில் பிஷப் எஃப்4, குதிரை சி3, இ3 எல்லாம் ஆடி முடித்து, நீங்களும் கேஸ்லிங் முடித்த பிறகு அதே சிப்பாயை வெட்டினால் யானை எச்5-இல் வெட்டும், ஜி சிப்பாய் வெட்டும், ராணி எச்5-க்கு வந்து நிற்கும், அடுத்து பிஷப் டி3. கம்ப்யூட்டர் இதைத் தாங்கும் வழி தேடிக்கொள்ளலாம், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிற ரேப்பிட் ஆட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்த நிலையில் உட்கார வைக்க எனக்கு மனம் வராது.

கேஸ்லிங்கைத் தள்ளிப்போடுவது பலருக்கும் ஒரு வழியாகவே தோன்றுவதில்லை, ராஜாவைச் சீக்கிரம் பத்திரப்படுத்து என்று சொல்லியே வளர்த்துவிடுகிறோம். பிரெஞ்சு ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். 1.இ4 இ6 2.டி4 டி5 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.பிஷப் ஜி5 பிஷப் இ7 5.இ5 குதிரை டி7 6.எச்4, அலெகைன்-ஷட்டார் தாக்குதல். 1914-இல் மன்ஹைமில் ஃபார்னிக்கு எதிராக அலெகைன் ஆடியது. இங்கே 6...கேஸ்லிங் செய்தால் 7.பிஷப் டி3, எச்7-இல் பலி கொடுக்கும் மிரட்டல் உடனே வாசலுக்கு வருகிறது. ஜி5-இல் வெட்டினால் 7.எச் சிப்பாய் வெட்டு, எச் வரிசை திறந்துவிட்டது, அந்தச் சிப்பாயையும் ராணியால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் 8.குதிரை எச்3, அப்புறம் எஃப்4 என்று ராணியைத் துரத்திக்கொண்டே காய்களை வெளியே எடுப்பார். ஃபார்னி அந்தச் சிப்பாயை எடுத்தார், ராணி இ7-க்குத் திரும்பியது, அலெகைன் ஜெயித்தார். 6...சி5 என்று நடுவில் அடித்தால் 7.பிஷப் இ7-இல் வெட்டு, இப்போது ராணியால் திரும்ப வெட்டினால் 8.குதிரை பி5 வந்து சி7-ஐயும் டி6-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்கும், அதனால் ராஜாவாலேயே வெட்ட வேண்டும். தைரியசாலிகளுக்கு அது சரி. நான் சொல்லிக்கொடுப்பது 6...ஏ6. பி5 கட்டத்தை முதலில் மூடு, அப்புறம் சி5. ராஜாவை இ8-இலேயே வைத்துக்கொள், எந்தப் பக்கம் போவது என்பதைப் பிறகு பார்க்கலாம். இந்த யோசனையின் ஒவ்வோர் அடிக்கும் காரணம் சொல்ல முடிகிறது, வரிசையை மறந்துபோன பிள்ளையும் யோசித்து ஆடலாம், அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன்.

ஏ சிப்பாய் விஷயமும் இதே தராசில் வரும். ஸ்லாவில் (1.டி4 டி5 2.சி4 சி6) 4...டி சிப்பாய் சி4-இல் வெட்டிய பிறகு வெள்ளை 5.ஏ4 ஆடி பி5-ஐத் தடுக்கிறார், ஆனால் பி4 கட்டத்தைக் கொடுத்துவிடுகிறார். கறுப்பு பிஷப் எஃப்5, இ6, பிஷப் பி4 என்று அந்தக் கட்டத்திலேயே போய் உட்காருகிறது. ஓரச் சிப்பாய் எங்கே நகர்ந்தாலும் பக்கத்தில் ஒரு கட்டம் காவல் இழக்கும், அதைத் தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை. 1.ஜி4, 1.பி4 மாதிரி முதல் மூவிலேயே ஓரம் தள்ளுகிறவர்களுக்கு முறையே டி5-உம் இ5-உம் போதும். ஜி4-க்கு டி5 ஆடிய பிறகு 2.பிஷப் ஜி2 வந்தால் அந்த ஜி4 சிப்பாயை எடுக்க ஓட வேண்டாம், 3.சி4 வந்து டி5-உம் பி7-உம் ஒன்றாக அடிபடும். 2...சி6 என்று கட்டி வைத்துக்கொண்டால் வெள்ளையிடம் காட்ட ஒன்றுமில்லை.

இப்போது தேர்வு. வார இறுதியில் ரேப்பிட் டோர்னமெண்டுக்குக் கீழே இறங்குகிற பிள்ளை, விடிகாலைப் பஸ்ஸில் பர்லியார் வளைவுகளில் தலைசுற்றிப் போய் முதல் ரவுண்டில் உட்காருகிறவர், ஜி6 ஆடுகிறவராக இருந்தால் எச்5-உம் சி5-உம் என்ற ஜோடியை மட்டும் நன்றாகத் தயார் செய்துகொண்டு போகட்டும். எச்5-ஐ அடுத்தே சி5, அல்லது நேராக சி5, இரண்டில் எது என்பதை வெள்ளையின் கறுப்புக் கட்ட பிஷப் எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். க்ளாசிக்கல் ஆட்டத்தில், யோசிக்க நேரம் இருக்கும்போது, பென்கோ பாணி பி5-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். கேரோ-கான் ஆடுகிறவருக்கு குதிரை சி3 வரிசையில் எச்6, இ5 வரிசையில் எச்5, இதை மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். பிரெஞ்சுக்காரர் ஏ6, சி5.

தயார் செய்யும்போது இன்ஜின் (செஸ் கம்ப்யூட்டர் நிரல்) கொடுக்கிற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய் போன் சார்ஜும் தீர்ந்த மாலையில், மரப் பலகையை எடுத்து எச்4-எச்5 நிற்கிற ஒரு நிலையை வைத்து, அண்ணன் தங்கை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் ஜி5-இல் காய் வைக்கவும் மற்றவர் ஜி4-இல் காய் வைக்கவும் போட்டி போட்டு ஆடுங்கள், பிறகு நிறத்தை மாற்றிக்கொண்டு அதே நிலையை இன்னொரு தடவை.